உப்பு டப்பாவை ஏன் மேல வெச்சீங்க?

அன்புள்ள அக்கா,

உங்க எழுத்தை ரொம்ப நாளா படிக்கிறேன், கடிதம் எழுதறது இதான் முதல் தடவை. எனக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு. லீவு நாள்ல ரெண்டு பேரும் சேர்ந்து சமைக்கலாம்னு ஆரம்பிச்சோம். குழந்தைங்களுக்கான ஈஸி ரெசிபின்னு தேடி, பெரும்பாலும் அடுப்பு, கத்தி ரெண்டும் இல்லாததா பாத்து எடுப்பேன். எல்லாத்தையும் நானே முன்னாடியே நறுக்கி, அளந்து, சின்னச் சின்னக் கிண்ணத்துல வெச்சுடுவேன். அவ கொட்டிக் கலக்கணும், மேல அலங்காரம் பண்ணணும், அவ்வளவுதான். ஆனாலும் கொஞ்ச நேரத்துல போர் அடிக்குதுன்னு போயிடறா, மிச்சத்தை நான் முடிக்கறேன். கடைசில அவ பண்ணினதையே அவ தொடறதில்ல, எனக்கு சுள்ளுனு கோவம் வந்துடுது. போன வாரம் முதல் தடவையா சூப் வெச்சோம். உப்பு நான்தான் போடுவேன்னு ஒரே அடம். மொத்தமும் வீணாயிடுமேன்னு டப்பாவை எடுத்து மேல் ஷெல்ஃப்ல வெச்சுட்டேன், அழுதுகிட்டே போயிட்டா.

இன்னும் ஈஸியா, அவ சலிக்காத மாதிரி ரெசிபி லிஸ்ட் ஏதாவது சொல்ல முடியுமா? கத்தியை எந்த வயசுல குடுக்கலாம்? சமையல்ல இப்படி இழுத்து விடறது பிள்ளைகிட்ட வேலை வாங்கற மாதிரி ஆகிடுமா? அவ சமைக்கறதை போட்டோ எடுத்து சொந்தக்காரங்களுக்கு அனுப்பறேன், அது தப்பா?

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

*

தம்பி,

நாலு கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா உங்க கடிதத்துல எனக்குக் கண்ணுல பட்டது கேள்வியே இல்லாத அந்த ஒரு வரிதான். உப்பு டப்பாவை எடுத்து மேல வெச்சுட்டேன்னு எழுதி இருக்கீங்க பாருங்க, அது. ஒரு வீட்ல உப்பு யார் கையில இருக்குன்னு நான் கொஞ்ச நாளாவே யோசிச்சுகிட்டு இருக்கேன், அந்த நேரத்துல உங்க கடிதம் வந்து விழுந்துது, அதான் உடனே பதில் எழுத உக்காந்துட்டேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். லீவு நாள்ல போனை நோண்டிகிட்டுப் படுத்துக் கிடக்காம பொண்ணோட அடுப்படியில நிக்கறீங்க, கோவம் வந்ததையும் மறைக்காம எழுதி இருக்கீங்க, அதுக்கே உங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு. இனிமே திட்டப் போறேன், கேட்டுக்கோங்க.

போர் அடிக்குதுங்கறா. அடிக்காம? நறுக்கினது நீங்க, அளந்தது நீங்க, முடிக்கறதும் நீங்க. நடுவுல அவளுக்கு மிஞ்சினது ஒரு கிண்ணத்துல இருக்கறதை இன்னொரு கிண்ணத்துல கவுக்கறது. அதை நீங்களே ஒரு மணி நேரம் பண்ணிப் பாருங்க தெரியும். ஏழு வயசுப் பிள்ளைக்கு நிஜ வேலைக்கும் சும்மா குடுக்கற வேலைக்கும் வித்தியாசம் நம்மளைவிட நல்லாவே தெரியும், ஏன்னா நாள் பூரா அதுங்களுக்குக் கிடைக்கறது பூராவும் ரெண்டாவது வகைதான். மரியா மாண்டிசோரி 1907ல ரோம்ல ஏழைப் பிள்ளைங்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, ஸ்கூலுக்குப் போற வயசுகூட ஆகாத பிள்ளைங்க. அவங்க முறையில பிள்ளைங்க கையில நிஜப் பீங்கான் தட்டையும் கண்ணாடி டம்ளரையும் குடுத்துதான் பரிமாறச் சொல்வாங்க. ஒடையற சாமான்னு தெரிஞ்சாதான் கை தானா நிதானமாகும், பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னா பிள்ளை எதுக்கு கவனமா இருக்கணும்? நீங்க அவளுக்குக் குடுத்தது பூரா பிளாஸ்டிக் வேலை. அலங்காரமாம். ரொட்டி மேல தக்காளியில கண்ணும் வாயும் வெச்சா அது குழந்தைங்க ரெசிபி ஆகிடுமா? எந்த வேலையை சரியாப் பண்ணாட்டி சாப்பாடே கெட்டுப் போகுமோ அந்த வேலை பிள்ளை கையில இருந்தாத்தான் அது பிள்ளை சமைச்ச சாப்பாடு. உங்க பொண்ணுக்கு அது புரிஞ்சிருக்கு, அதான் கரெக்டா உப்பைக் கேட்டிருக்கா. அவ கேட்டது அந்த சமையல்லயே பெரிய பதவி. அதைத்தான் நீங்க மேல் ஷெல்ஃப்ல ஏத்தி வெச்சீங்க.

எங்க அத்தை ஒருத்தி இருந்தா. பேச்சு கம்மி, கொஞ்சவே மாட்டா, எங்களைப் பாத்தா சிரிக்கவும் மாட்டா. ஆனா அவ வீட்ல பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு வேலை கிடையாது, பெரியவங்க வேலைதான் எங்களுக்கும். எனக்குக் கிடைச்சது உப்பு. கொதிச்சு முடிச்சு எறக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுவா, கையைத் தொடைச்சுக்கோம்பா, ஈரக் கையில எடுத்தா பாதி விரல்லயே ஒட்டிக்கும் எவ்வளவு போட்டோம்னு தெரியாது, அதனால. மூணு விரல்ல எடுத்து பாத்திரத்துக்கு நல்லா மேல இருந்து தேய்ச்சு விடணும், கிட்டக்க விட்டா ஒரே எடத்துல விழும், மேல இருந்து விட்டா பரவும். அப்புறம் கலக்கி, ஒரு ஸ்பூன்ல கொஞ்சமா எடுத்து, நல்லா ஊதி ஆற வெச்சுதான் நாக்குல வைக்கணும், ஏன்னா சுட்ட நாக்குக்கு உப்பு தெரியாது, அன்னிக்குப் பூரா எதுவும் தெரியாது. இதெல்லாம் வரிசையா சொல்லிட்டு அவ அந்தப் பக்கம் திரும்பி துணி மடிக்கப் போயிடுவா. திரும்பியே பாக்க மாட்டா. போதுமா அத்தைன்னு கேட்டா, உன் நாக்கு உங்கிட்டதானே இருக்குன்னு பதில் வரும். அவ ருசி பாத்து நான் பாத்ததே இல்ல. நான் போதும்னு சொன்னா போதும், அதை அப்படியே எல்லாருக்கும் போட்டுடுவா, வீட்டுக்கு யாராவது வந்திருந்தாலும் அதேதான். அந்த பயம் இருக்கே, வந்தவங்க முதல் வாய் வைக்கறப்போ நான் கதவுக்குப் பின்னாடி நின்னு அவங்க மூஞ்சியைப் பாத்துகிட்டு இருப்பேன், அந்த மாதிரி ஒரு பரீட்சை எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் வந்ததில்ல. இன்னிக்கும் ஒரு ஸ்பூன் வாயில வெச்சா எவ்வளவு குறையுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியும், அது அத்தை அந்தப் பக்கம் திரும்பி நின்னதால வந்தது.

வீணாயிடும்னு பயந்தீங்களே, அதுக்கு வழி ரொம்ப சுலபம். டப்பாவையே பொண்ணு கையில குடுங்கன்னு நான் சொல்லல. நாலு பேருக்கான சூப்னா அரை டீஸ்பூன் தூள் உப்பை ஒரு குட்டிக் கிண்ணத்துல எடுத்து அவகிட்ட குடுங்க, சுமார் மூணு கிராம் வரும். இது மொத்தமும் உன் பொறுப்பு, கொஞ்சம் போட்டு ருசி பாரு, பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் போடு, மிச்சம் இருந்தா இருக்கட்டும்னு சொல்லிடுங்க. அவ மொத்தத்தையும் கொட்டினாலும் சூப் வாயில வைக்க முடியாத அளவுக்குக் கெட்டுப் போகாது. கல் உப்பு வேற கணக்கு, அதே ஸ்பூன்ல கல் உப்பு எடுத்தா நடுவுல இடைவெளி நிறைய இருக்கறதால எடை கம்மியா வரும், ரெண்டையும் அவளே ஒரு குட்டித் தராசுல வெச்சுப் பாக்கட்டும், இதுவே ஒரு மத்தியானத்துக்குப் போதும். அப்படியும் கரிச்சுப் போச்சுன்னா உருளைக்கிழங்கைப் போட்டா உப்பை உறிஞ்சிடும்னு யாராவது வருவாங்க, நம்பாதீங்க. உருளைக்கிழங்கு உறிஞ்சறது உப்புத் தண்ணியை, உப்பை மட்டும் தனியா பிரிச்சு எடுக்க அதுக்குத் தெரியாது, மிச்சம் இருக்கற சூப் அதே கரிப்புலதான் நிக்கும். தண்ணியோ உப்பில்லாத காயோ சேர்த்து அளவைக் கூட்டறதுதான் வழி. அதையும் அவளையே பண்ண விடுங்க.

உப்பு உடம்புக்கு ஆகாதேன்னு உடனே ஆரம்பிக்காதீங்க. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளதான் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி, பிள்ளைங்களுக்கு அதைவிடக் குறைவு, ஒரு வயசுக்குள்ள இருக்கற கைக்குழந்தைக்குத் தனியா உப்பே வேண்டாம். எல்லாம் சரி. ஆனா பாக்கெட் தீனியை நாமளே வாங்கிப் பிரிச்சுக் குடுக்கறோமே, அதுல எவ்வளவு உப்பு இருக்குன்னு அவ கண்ணுக்குத் தெரியுமா? தன் கையால கிள்ளிப் போட்ட பிள்ளைக்குத்தான் உப்புன்னா எவ்வளவுன்னு ஒரு கணக்கு வரும்.

இன்னொண்ணு பண்ணுங்க, இதுக்கு அடுப்பே வேண்டாம். ஒரு வெள்ளரிக்காயை வில்லை வில்லையா நறுக்கி ரெண்டு தட்டுல பிரிச்சு வைங்க. ஒரு தட்டுக்கு மட்டும் அவ உப்பு தூவட்டும். பக்கத்துலயே உக்காந்து பாருங்க. மொதல்ல வில்லை மேல வேர்வை மாதிரி சின்னச் சின்னப் பொட்டா துளிர்க்கும், அப்புறம் பொட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேரும், பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல தட்டைச் சாய்ச்சா தண்ணி ஓடும். உப்பு போடாத தட்டு அப்படியே இருக்கும். அந்தத் தண்ணி எங்கேருந்து வந்துதுன்னு அவ கேப்பா, வாயை மூடிகிட்டு இருங்க, அவளே ரெண்டு வில்லையையும் எடுத்து வளைச்சுப் பாக்கட்டும், ஒண்ணு டக்குனு ஒடையும், ஒண்ணு துவண்டு வளையும். அப்புறம் வேணா சொல்லிக்கலாம், உள்ள இருந்த தண்ணியை உப்பு வெளிய இழுத்துடுச்சுன்னு. இதே மாதிரி சர்க்கரை போடாத கோகோவை வெந்நீர்ல கலக்கி, ரெண்டு டம்ளர்ல ஊத்தி, ஒண்ணுல மட்டும் ஒரு துளி உப்பு போடச் சொல்லுங்க. உப்பு போட்டதுல கசப்பு அடங்கி இருக்கும், அந்த அளவுக்குப் போட்டா கரிக்கவும் கரிக்காது. உப்புக்குக் கசப்பை அமுக்கற குணம் உண்டு, இதை 1997லயே ஆராய்ச்சி பண்ணி எழுதி இருக்காங்க. இனிப்புல ஏன் ஒரு சிட்டிகை உப்பு போடறோம்னு கேக்கற பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் என்ன இருக்கு?

அவ சாப்பிடறதில்லைன்னு வருத்தப்பட்டீங்க. எப்படி சாப்பிடுவா, அந்த சாப்பாட்டை அவ மேஜைக்கு வந்ததுக்கு அப்புறம்தானே முதல் தடவையா வாயில வைக்கறா. புதுசா ஒரு சாப்பாட்டைப் பாத்தா பிள்ளைங்க பயந்து ஒதுங்கறது இயல்பு, ரெண்டு வயசுலேருந்து ஆறு வயசு வரைக்கும் அது ரொம்ப ஜாஸ்தி, சிலதுங்க அதுக்கப்புறமும் விடாது. எட்டு பத்து தடவையாவது நாக்குல பட்டாதான் சிலதெல்லாம் பழகும்னு இதை ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. உப்பு பாக்கற பிள்ளைக்கு இது தன்னால நடந்துடும், வெந்ததுக்கப்புறம் ஒரு சொட்டு, உப்பு போட்டு ஒரு சொட்டு, இன்னும் கொஞ்சம் போட்டு இன்னொரு சொட்டு. சாப்பிடு சாப்பிடுன்னு யாரும் கெஞ்சல, அவ வேலையைத்தான் பாத்தா. அதுக்கப்புறமும் சாப்பிடலைன்னா விடுங்க. பசி இல்லையோ என்னவோ. அவ சாப்பிடாததுக்கு உங்களுக்கு ஏன் கோவம் வருது? ஒரு நாள் லீவைச் செலவு பண்ணினேனே, அதுக்குப் பலன் எங்கேன்னு தானே? அவளை வெச்சு நீங்க விளையாடினா அப்படித்தான் ஆகும்.

கத்தி பத்தி. நாலு வயசுலயே வாழைப்பழத்தை வெண்ணெய் தடவற கத்தியால நறுக்கலாம். ஏழு வயசுக்கு கைக்கு அடக்கமான சின்னக் கத்தி குடுக்கலாம், ஆனா நல்லா வெட்டற கத்தியா இருக்கணும், மொண்ணைக் கத்திதான் அழுத்தி அழுத்தி வழுக்கி விரல்ல எறங்கும். வெள்ளரிக்காயை நீளவாக்குல நீங்க பொளந்து குடுத்துடுங்க, தட்டையான பக்கம் பலகையில படிஞ்சா உருளாது. காயைப் பிடிக்கற கையில விரல் நுனி உள்ள மடங்கி இருக்கணும். நீங்க பக்கத்துல நிக்கணும், பேச்சு குடுக்கக் கூடாது. அடுப்புன்னா பாத்திரத்தோட கைப்பிடி உள் பக்கம் திரும்பி இருக்கட்டும், மூடியை மூஞ்சிக்கு எதிர்ப் பக்கமாத் திறக்கணும், கொதி ஆவி பட்டா தண்ணி பட்டதுக்குக் குறையாம சுடும். முட்டை ஒடைச்ச கையை சோப்பு போட்டுக் கழுவணும். பச்சை மாவை வழிச்சு நக்க விடாதீங்க, முட்டை இல்லாத மாவா இருந்தாலும் சரி, மாவும் வேகாத தானியம்தான், அதுலயும் கிருமி இருக்கும். ருசி பாக்கறதெல்லாம் வெந்ததுக்கு அப்புறம். இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

வேலை வாங்கற மாதிரி ஆகிடுமான்னு கேட்டிருக்கீங்க. அழுது அடம் பிடிச்சு உப்பைக் கேட்ட பிள்ளையை வெச்சுகிட்டா இந்தக் கேள்வி? அடுத்தது.

ரெசிபி லிஸ்ட் நான் தர மாட்டேன். உங்ககிட்ட இருக்கறதே போதும், ஒவ்வொண்ணுலயும் உங்க வேலையையும் அவ வேலையையும் மாத்திப் போடுங்க, கிண்ணம் எடுத்துக் குடுக்கறதும் பாத்திரம் கழுவறதும் நீங்க, அளக்கறதும் போதும்னு சொல்றதும் அவ. முட்டை அவிச்சா போதும், பாதியில உப்பு, பாதியில இல்ல, இது ரெசிபி இல்லையா? அவ பாதியில எழுந்து போனா மிச்சத்தை நீங்க முடிக்காதீங்க. அடுப்பை அணைச்சுட்டு நீங்களும் எழுந்து போயிடுங்க. உப்பு போடாத சூப் அப்படியே இருக்குன்னு தெரிஞ்சா வருவா, வராட்டி அன்னிக்கு எல்லாருக்கும் உப்பில்லா சூப்தான், அதையும் ஒரு நாள் குடிச்சுப் பாக்கட்டுமே, உப்புன்னா என்னன்னு அதைவிட நல்லா யார் சொல்லிக் குடுக்க முடியும்.

போட்டோ வேண்டாம். அவ நாக்குல வெச்சு யோசிக்கற அந்த நேரத்துல நீங்க போனைத் தூக்கினா அவ உப்பை விட்டுட்டு உங்களைப் பாத்து சிரிப்பா. சொந்தக்காரங்க ஆசைப்பட்டா வீட்டுக்கு வரச் சொல்லுங்க, அவ உப்பு போட்டதைக் குடிச்சுட்டுப் போகட்டும்.

வெள்ளரிக்காயைப் பண்ணிட்டு எனக்கு எழுதுங்க. உங்க வர்ணனை எல்லாம் வேண்டாம் தம்பி, தண்ணி எங்கேருந்து வந்துதுன்னு அவ என்ன சொன்னாளோ அதை மட்டும் எழுதுங்க.