பழைய வீடியோ டெக்: ரிப்பேரா, மாற்றா?

கேள்வி: சார், பல வருஷமா பரணில் கிடந்த வீடியோ கேசட் டெக் (விசிஆர்). ரிப்பேருக்குச் செலவழிப்பதற்குப் பதில் புதிதாக வாங்கிவிடலாமா?

பதில்: புதிது வாங்க முடியாது. கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. மாற்றுவதென்றால் இன்னொருவர் வீட்டுப் பழைய டெக்தான். அதன் ரப்பருக்கும் ஏறக்குறைய இதே வயதுதான் இருக்கும். பெல்ட், டயர் (ரீலைச் சுற்றவைக்கும் ரப்பர் வளையம்), பவர் சப்ளை கோளாறு என்றால் ரிப்பேர் செய்யுங்கள். டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: உயிரே வரவில்லை. ஃப்யூஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: பவர் சப்ளையில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும், உள்ளே திரவம் கொண்ட சிறு உருளை) உலர்ந்திருக்கும். ஹீட்சிங்க்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டி வெந்துகொண்டிருக்கும் சிறியவற்றை முதலில் மாற்றுங்கள்: அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது சற்று அதிகம், 105 டிகிரி வகை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் நிற்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, பிளே போட்டால் சில நொடியில் நின்றுவிடுகிறது. கேசட்டை எடுத்தால் டேப் வெளியே தொங்குது.

பதில்: மூடியைக் கழற்றி, ஓடும்போது வலப்பக்க ரீலைப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் ரீலைச் சுற்றவைக்கும் ஐட்லர் சக்கரத்தின் டயர் வழுக்குகிறது, அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது. ரீல் நின்றதை சென்சார் கண்டுபிடித்து டெக்கை நிறுத்துகிறது. இழுத்த டேப்பைச் சுருட்ட ஆளில்லாததால் அது தொங்குகிறது. டயரை ஆல்கஹாலில் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். புது டயரே போடுங்கள். பெல்ட்டுக்குப் பழையதை அளக்கும்போது அது நீண்டிருக்கும் என்பதை மறக்காமல் சுமார் 5 சதவீதம் சிறியதாக வாங்குங்கள். ரீல் நன்றாகச் சுற்றியும் டேப் ஓரம் மடங்கினால், பிஞ்ச் ரோலர் (டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை) கண்ணாடிபோல் மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் மாற்றவேண்டியதுதான்.

கேள்வி: படம் முழுக்கப் புள்ளி, சத்தம் மட்டும் தெளிவு. ஹெட் போச்சா?

பதில்: அவசரப்படாதீர்கள். சாதாரண ஆடியோவுக்குத் தனி ஹெட் இருப்பதால் சத்தம் தெளிவாக வருவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அழுக்காகவும் இருக்கலாம். வெள்ளைத் தாள் துண்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் (ஹெட் பொருத்திய, சுழலும் உலோக உருளை) பக்கவாட்டில் லேசாக ஒட்டி அசையாமல் பிடியுங்கள். மறுகையால் டிரம்மின் மேல்விளிம்பைத் தொட்டு மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை பெயர்ந்துவிடும். பஞ்சுக்குச்சியின் நாரும் அதில் மாட்டும். கால் மணி நேரம் உலரவிட்டு, நல்லதென்று தெரிந்த கேசட்டைப் போடுங்கள். அப்போதும் புள்ளி என்றால் ஹெட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். திரையின் மேலோ கீழோ ஒரு பட்டை மட்டும் கலங்கினால் அது ஹெட் இல்லை, டேப்பை வழிநடத்தும் கைடு ரோலர் இடம் மாறியிருக்கிறது.

கேசட் ஜன்னலில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைப் போடவே போடாதீர்கள். துடைத்த ஹெட் உடனே அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: மொத்தமே பத்துக் கேசட்தான்.

பதில்: டெக்கே வேண்டாம். டிஜிட்டலாக மாற்றித் தருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழையது வாங்கப்போனால் என்ன பார்ப்பது?

பதில்: கேசட் பால் (PAL) முறையா, என்டிஎஸ்சி (NTSC) முறையா என்று (இவை நாட்டுக்கு நாடு மாறும் வீடியோ முறைகள்) தெரிந்துகொண்டு அதற்கேற்ற டெக் தேடுங்கள். போனாலும் பரவாயில்லை என்ற கேசட்டைக் கொண்டுபோய், பிளே, முன்னோட்டம், பின்னோட்டம், வெளியேற்றம் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்துபாருங்கள். பவர் லைட் எரிவதை மட்டும் காட்டி 'ஓடுது' என்பவரிடம் வாங்காதீர்கள்.