மோர்சிங் வாசித்த பணிப்பெண்: ஹாலோவீன் கேள்வி பதில்

(அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நெடுங்காலமாக வசிக்கும் நம் வாசகி பதில் தருகிறார்.)

கேள்வி: என் பேத்தி எடின்பரோவில் படிக்கிறாள். ஹாலோவீனுக்குச் சூனியக்காரி வேஷமாம். கறுப்புத் தொப்பியை வீடியோவில் காட்டினாள். தீபாவளியை ஒட்டி, நல்ல நாளும் அதுவுமாக இது தேவையா? – வாசகி, கும்பகோணம்

தாராளமாகப் போடட்டும் அம்மா. நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்தின இரவுதான் ஹாலோவீன். மலை மேய்ச்சலிலிருந்து மாடுகளைத் தொழுவத்துக்கு ஓட்டிவந்து, குளிர்காலத்தை வரவேற்கும் பழைய நாளும் இதுவே. அன்று இறந்தவர்களும் மற்றதுகளும் வெளியே நடமாடும், நாமும் வேஷம் போட்டுக்கொண்டால் அடையாளம் தெரியாது என்பது நம்பிக்கை. இங்கே பிள்ளைகள் சும்மா கையை நீட்டக் கூடாது. ஒரு பாட்டோ விடுகதையோ சொன்னால்தான் மிட்டாய், ஆப்பிள், கடலை எல்லாம். அதனால் பேத்திக்கு ஒரு தமிழ்ப் பாட்டைச் சொல்லிக் கொடுங்கள், எடுபடும்.

பூசணி விளக்கெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம். இங்கே பழைய ஆட்கள் குடைந்தது டர்னிப் கிழங்கை. கல் மாதிரி இருக்கும், கரண்டியே வளைந்துவிடும். உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினால் மூடி கருகி ஒரு வாடை வரும், அதுதான் ஹாலோவீன் வாசனை என்பார்கள். சூனியக்காரி கண் மாட்டின் மேல் படாமலிருக்க, சிவப்புப் பழம் காய்க்கும் ரோவன் மரத்தின் குச்சியைச் சிவப்பு நூலில் சுற்றித் தொழுவத்தில் கட்டினார்கள். நாம் வாசலில் படிகாரம் கட்டுவதைப் போலத்தான்.

கேள்வி: சூனியக்காரிகள் துடைப்பத்தில் பறப்பதாக ஏன் சொல்கிறார்கள்? – வாசகர், திருச்சி

துடைப்பத்தில் போகும் பெண்ணின் படம் 1451-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஓரத்திலேயே இருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் பெரிய ஹாலோவீன் கதையில் வாகனம் துடைப்பம் இல்லை, சல்லடை.

எடின்பரோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் நார்த் பெரிக். கடலை ஒட்டி ஒரு பழைய தேவாலயத்தின் இடிபாடு இருக்கிறது, முகப்பு மட்டும் மிச்சம். ஒரு ஹாலோவீன் இரவில் இருநூறு சூனியக்காரிகள் ஆளுக்கொரு சல்லடையில் ஏறி, மது குடித்தபடி கடல் வழியாக அங்கே வந்தார்களாம், கைகோத்து ஆடினார்களாம். 1591-இல் அச்சான ஒரு சிறு பிரசுரம் இப்படிச் சொல்கிறது.

கதை எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மன்னர் ஆறாம் ஜேம்ஸ் டென்மார்க் இளவரசியை மணந்து அழைத்துவந்தபோது கடலில் புயல். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அந்த நேரத்தில் டிரானென்ட் என்ற ஊரில் கெய்லிஸ் டங்கன் என்ற பணிப்பெண் நோயாளிகளைக் குணப்படுத்துகிறாள், இரவில் வெளியே போகிறாள் என்று அவள் எஜமானுக்குச் சந்தேகம். விரல்களை நசுக்கும் கருவியை மாட்டினார். கடைசியில் அந்தப் பெண் பெயர்களைச் சொன்னாள். அதில் ஒருவர் ஆக்னஸ் சாம்சன், பிரசவம் பார்த்து வைத்தியம் செய்து வந்தவர். அவர் தலையைக் கயிற்றால் இறுக்கி முறுக்கினார்கள். சல்லடைக் கதை அதற்கப்புறம் வந்த வாக்குமூலம்.

தேவாலயத்து ஆட்டத்துக்கு முன்னால் நின்று வாசித்தவள் கெய்லிஸாம். வாத்தியம் என்ன தெரியுமா? நம் கச்சேரிகளில் கடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார்களே, அந்த மோர்சிங் வகைதான். மன்னர் அவளை வரவழைத்து, அதே ஆட்டப்பாட்டைத் தன் முன் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நசுங்கிய விரல்களால் அவள் அந்தக் கம்பியை எப்படிச் சுண்டியிருப்பாள் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சாவதற்கு முன், தான் சொன்னது பொய், சொல்ல வைத்தார்கள் என்றும் அறிவித்தாள். கேட்டுவிட்டுக் கொன்றார்கள்.

கேள்வி: கறுப்புப் பூனை பாவம் என்ன செய்தது? – வாசகி, மதுரை

ஒன்றும் செய்யவில்லை. 1233-இல் போப் ஒருவர் எழுதிய கடிதத்தில், சாத்தானை வணங்குவோர் கூட்டத்தில் கறுப்புப் பூனை வருவதாக இருக்கிறது. நார்த் பெரிக் வழக்கிலும் ஒரு பூனைக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கடலில் வீசிப் புயல் எழுப்பியதாகக் குற்றச்சாட்டு. ஆனாலும் பிரிட்டனில் கறுப்புப் பூனை குறுக்கே போனால் அதிர்ஷ்டம் என்பவர்களே அதிகம்.

கேள்வி: சூனியக்காரிகள் உண்மையில் இருந்தார்களா? எத்தனை பேரைக் கொன்றார்கள்? – வாசகர், சென்னை

சூனியத்தால் புயல் எழுப்பியவர் ஒருவரும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இருந்தார்கள். ஸ்காட்லாந்தில் 1563-இல் வந்த சூனியத் தடைச் சட்டம் 1736 வரை இருந்தது. ஏறக்குறைய 4,000 பேர் மீது குற்றச்சாட்டு, பெரும்பாலோர் பெண்கள். சுமார் 2,500 பேர் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். நாள் கணக்கில் தூங்கவிடாமல் வைத்து வாக்குமூலம் வாங்குவது வழக்கம். முதலில் கழுத்தை நெரித்து, அப்புறம் எரிப்பார்கள்.

எடின்பரோ வந்தால், கோட்டை வாசல் மைதானத்துக்குள் நுழையும் இடத்தில் சுவரோடு ஒட்டிய சின்ன நீரூற்றைப் பாருங்கள். 1894-இல் வைத்தது. தண்ணீர் இப்போது வராது. உலோகத் தகட்டில் இரண்டு பெண் முகங்கள், ஒன்று கொடூரம், ஒன்று அமைதி. நடுவே பாம்பு சுருண்டிருக்கும். பக்கத்தில் நரிக்கையுறைச் செடி, அதிகமானால் விஷம், அளவோடு கொடுத்தால் இதய மருந்து. இதை அமைக்கச் செய்தவர் பேட்ரிக் கெடிஸ். 1914-15-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து மதுரை, தஞ்சாவூர் நகரங்களைச் சுற்றிப் பார்த்துத் திட்ட அறிக்கை எழுதினாரே, அதே கெடிஸ்தான்.

அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பக்கத்துப் பலகையில் உள்ள வாசகத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சிலர் தங்கள் அறிவைத் தீமைக்குப் பயன்படுத்தினார்கள், மற்றவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டார்கள் என்கிறது. யார் அந்தச் சிலர்? அவர்கள் கெட்டவர்கள் என்பதற்குச் சாட்சி, கயிறும் விரல் நசுக்கியும் பிடுங்கிய வார்த்தைகள் மட்டுமே. அந்தப் பலகையை மாற்றி, ஆக்னஸ், கெய்லிஸ் என்று பெயர் பெயராக எழுத வேண்டும்.

2022 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் இவர்களிடம் அதிகாரபூர்வமாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபையும் கேட்டது. நானூறு வருஷம் கழித்து யாருக்கு என்ன லாபம் என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. மன்னிப்புக் கேட்டது சரி, தண்டனையையே சட்டப்படி ரத்து செய்து ஏட்டில் நிரபராதி என்று எழுதவும் வேண்டும்.