பிங்பேக் மெயில் கொட்டுகிறதா? ஹேக் இல்லை, காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: வேர்ட்பிரஸில் ஐந்து வருடமாக மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறேன். முந்நூறு பதிவுகளுக்கு மேல் இருக்கும். சில மாதங்களாக ‘புதிய பிங்பேக்’ என்று தினமும் முப்பது, நாற்பது மெயில் வருகிறது. எல்லாம் சூதாட்டம், மாத்திரை விற்கும் தளங்கள். ஒருவர் சொன்னபடி செட்டிங்ஸில் டிக்கை எடுத்தும் நிற்கவில்லை. தளம் அமைத்துக் கொடுத்தவர், “ஹேக் ஆகிவிட்டது, சரிசெய்ய 8000 ரூபாய் ஆகும்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பிங்பேக் வருவதால் மட்டும் ஒரு தளம் ஹேக் ஆனதாக அர்த்தமில்லை.

வேறொரு தளம் உங்கள் பதிவுக்கு இணைப்பு கொடுத்தால், அந்தத் தளமே உங்கள் தளத்துக்கு ‘உங்களைச் சுட்டியிருக்கிறேன்’ என்று தகவல் அனுப்பும், அதுதான் உங்களுக்கு மெயிலில் வரும் பிங்பேக். 2002 வாக்கில், பதிவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதற்காக வந்த ஏற்பாடு இது. இதில் டிராக்பேக், பிங்பேக் என்று இரண்டு வகை. டிராக்பேக் எந்த ஆதாரமும் கேட்காது. பிங்பேக், இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்கும்.

அப்படியானால் சூதாட்டத் தளம் எப்படி உள்ளே வருகிறது? உங்கள் மெயில் ஒன்றைத் திறந்து பாருங்கள். அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளி, நடுவில் ஒரு வரி இருக்கும். அது பெரும்பாலும் நீங்கள் எழுதிய வரியாகவே இருக்கும். தக்காளிப் பதிவில் ‘மண்புழு உரம் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்’ என்று உங்கள் பழைய பதிவுக்கே இணைப்பு கொடுத்திருப்பீர்கள். திருட்டுத் தளம் தக்காளிப் பதிவை அப்படியே நகலெடுக்கும்போது அந்த இணைப்பும் கூடவே போகிறது. உடனே அங்கிருந்து உங்கள் மண்புழு உரப் பதிவுக்குத் தகவல் வந்துவிடுகிறது.

சரி, நிறுத்துவது எப்படி? செட்டிங்ஸில் டிஸ்கஷன் பக்கத்தின் மேலேயே மூன்று கட்டங்கள் உள்ளன. முதலாவது, நீங்கள் மற்றவர்களுக்குத் தகவல் அனுப்புவது. உங்கள் பதிவிலிருந்து உங்களுக்கே வரும் பிங்பேக்கும் இதனால்தான். இரண்டாவது, மற்றவர்களிடமிருந்து வருவது. இரண்டிலும் டிக்கை எடுத்துச் சேமியுங்கள். மூன்றாவது கருத்துகளுக்கானது, அதை விட்டுவிடுங்கள்.

இந்த மாற்றம் இனி எழுதும் பதிவுகளுக்கு மட்டுமே செல்லும். உங்களுக்கு மெயில் நிற்காததற்கு அதுதான் காரணம். பொடி எழுத்தில் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள், யார் கண்ணில் படும்? பழைய பதிவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொத்தான் வைக்க இத்தனை வருடத்தில் வேர்ட்பிரஸ்காரர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு இதில் தீராத கோபம்.

ஆகவே பதிவுகளின் பட்டியலுக்குப் போங்கள். மேலே ஸ்கிரீன் ஆப்ஷன்ஸில் பக்கத்துக்கு 20 என்றிருப்பதை 100 ஆக்குங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பல்க் ஆக்‌ஷன்ஸில் ‘எடிட்’ கொடுத்தால் ஒரு பெட்டி விரியும். அதில் ‘பிங்ஸ்’ என்ற இடத்தில் ‘டூ நாட் அலவ்’ வைத்து அப்டேட் செய்யுங்கள். பக்கத்திலேயே ‘கமென்ட்ஸ்’ இருக்கும், கை தவறி அதை மாற்றிவிட்டால் வாசகர்கள் கருத்து எழுத முடியாது. முந்நூறு பதிவுக்கு மூன்று, நான்கு முறை செய்தால் முடிந்தது. ஏற்கெனவே வந்து கிடப்பவற்றை, கருத்துகள் பகுதியில் ‘பிங்ஸ்’ என்று வடிகட்டி, மொத்தமாக ஸ்பேமில் தள்ளுங்கள். என்ன தளம் என்று பார்ப்பதற்காகக் கூட அந்த இணைப்புகளைத் தொடாதீர்கள்.

இனி அந்த 8000 ரூபாய் விஷயம். ‘ஹேக்’ என்று பயமுறுத்துபவர்கள் பெரும்பாலும் செய்வது, வெளியிலிருந்து வரும் தகவல்களை வாங்கும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற வேர்ட்பிரஸ் கோப்பை அடைப்பது. அந்தக் கோப்பு வழியாகத்தான் பிங்பேக் வருகிறது, உண்மைதான். 2014 மார்ச்சில் 1,62,000க்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களின் பிங்பேக் வசதியைப் பயன்படுத்தி ஒரே தளத்தைத் தாக்கினார்கள், அதுவும் உண்மை. ஆனால் போனில் வேர்ட்பிரஸ் ஆப் வழியாகப் பதிவு போடுகிறீர்களா? ஜெட்பேக் என்ற பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் நிரல்) வைத்திருக்கிறீர்களா? அவற்றுக்கும் அந்தக் கோப்பு தேவைப்படலாம். முழுதாக அடைத்துவிட்டால் ஒரு நாள் போனிலிருந்து பதிவு போகாது, அப்போது அதைச் சரிசெய்ய இன்னொரு தொகை கேட்பார். இரண்டும் இல்லாதவர்கள் அடைத்துக்கொள்ளலாம். இருப்பவர்கள், அந்தக் கோப்பில் பிங்பேக்கை மட்டும் நிறுத்தும் இலவச பிளக்இன் ஒன்றைப் போட்டால் போதும். மறுபடி சொல்கிறேன், பிங்பேக்கை மட்டும்.

இன்னொரு ரகம் இருக்கிறது. “இந்த பிங்பேக்குகளை அனுமதியுங்கள், கூகுளில் மேலே வருவீர்கள்” என்பார்கள், பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) என்று கட்டுக்கட்டாக விற்பார்கள். நம்பாதீர்கள். அவற்றை அனுமதித்தால் சூதாட்டத் தளத்தின் பெயர்தான் உங்கள் பதிவின் கீழே தொங்கும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் தளத்தின் டொமைன், அதாவது அதன் இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருந்தால், இந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். யூசர்ஸ் பட்டியலையும் பாருங்கள். அவருக்கு அட்மின் கணக்கு இருந்தால், அவர் பதிவுகள் எதுவும் அழியாதபடி உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு நீக்குங்கள். ஐந்து வருட உழைப்பின் சாவி இன்னொருவர் பையில் இருக்கக் கூடாது.

இத்தனையும் செய்த பிறகும் மெயில் வந்தால், அதில் எந்தப் பதிவின் தலைப்பு இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த ஒன்று விடுபட்டிருக்கும்.