இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பாக்கெட் உணவை நம்பாமல் தினமும் எளிமையாக, சத்தாகச் சமைத்துச் சாப்பிட முடியுமா? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முடியும். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. காலைச் சமையல் என் பொறுப்பு. அடுப்படியில் நிற்க முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதற்குள் வேலை முடிகிறதென்றால், முந்தின ராத்திரி பாத்திரம் கழுவிய கையோடு ஏதாவது ஒன்றை ஊறப்போட்டுவிட்டுப் படுப்பதுதான் காரணம். உங்கள் கேள்விக்கு என் பதில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இனி விவரம்.

அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படுகிற மாதிரி பயறு டப்பாக்களை வைத்திருக்கிறேன். கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, கொள்ளு, காய்ந்த பட்டாணி. மூன்று பேருக்கு ஒரு டம்ளர் போதும், ஊறினால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். கொண்டைக்கடலையும் மொச்சையும் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும். பச்சைப்பயறுக்கும் காராமணிக்கும் அவ்வளவு தேவையில்லை, ஆனாலும் ராத்திரி முழுக்க ஊறினால் ஒன்றும் கெட்டுப்போகாது. சித்திரை, வைகாசியில் மட்டும் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் காலையில் மூடியைத் திறந்ததும் நுரையும் ஒரு புளித்த வாடையும் வரும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில்தான் வேகவைப்பேன். வாயுத் தொல்லை தருகிற சமாச்சாரம் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். இரும்பும் துத்தநாகமும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கிற ஃபைட்டிக் அமிலமும் ஊறினால் குறையும். கொண்டைக்கடலைக்கு உப்பு போட்டு 5 விசில். அப்புறம் ஆவி தானாக அடங்குகிறவரை குக்கரைத் தொடக்கூடாது, அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் தோல் தனியாகக் கழன்றுவிடும். ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கினால் உள்ளே மாவாக இருக்க வேண்டும், தோல் மட்டும் முழுசாக நிற்க வேண்டும். வெந்த தண்ணீரை வடித்து வைத்தால் அன்றைய ரசத்துக்கு ஆயிற்று.

தாளிப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நல்லெண்ணெய், கடுகு, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்த் துருவல், அரை மூடி எலுமிச்சை. எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். பயறில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி துணை செய்யும். சுண்டலும் கையுமாக டீ குடிப்பது அதற்கு நேர் எதிர் வேலை. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், எனக்கும் அது கஷ்டம்தான்.

இந்தச் சுண்டலில் பாதி மகளின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்குப் போகும், மீதி எங்கள் மத்தியானச் சாப்பாட்டோடு. காய்ந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம் வருகிறது. நாம் சாப்பிடுகிற சாம்பாரில் பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்தால் சுண்டல் ஏன் தேவை என்று விளங்கும்.

பச்சைப்பயறு மிஞ்சினால் முளைகட்டலாம். ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி ஒரு கிண்ணத்தில் வைத்தால் வெயில் காலத்தில் மறுநாளே முளை எட்டிப் பார்க்கும், மார்கழியில் கொஞ்சம் தாமதமாகும். மகளுக்கு அதைப் பச்சையாகக் கொடுப்பதில்லை. பயறு முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் தோதானவை. இட்லித் தட்டில் வைத்து நன்றாக ஆவி காட்டி, வெங்காயமும் மாங்காயும் பொடியாக நறுக்கிப் போட்டால் தட்டு காலி.

இட்லி மாவு இல்லாத நாளுக்கு அடை. ஒரு டம்ளர் சாமை அல்லது இட்லி அரிசி, அரை டம்ளர் கடலைப்பருப்பு, அரை டம்ளர் துவரம்பருப்பு, ஒரு கைப்பிடி உளுந்து. ஊறியதை மிளகாய், சோம்பு, இஞ்சியோடு கொரகொரப்பாக அரைத்து அப்படியே வார்க்கலாம், புளிக்கக் காத்திருக்க வேண்டாம். முருங்கைக்கீரை இருந்தால் அதையும் மாவில் போட்டுவிடுவேன். கீரை ஆய நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி: கொத்தை அப்படியே செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலை பெரும்பாலும் தானாகவே உதிர்ந்து கிடக்கும், காம்பைப் பொறுக்கினால் போதும்.

சிறுதானியம் பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது நல்ல விஷயம். ஆனால் இப்போது கடையில் சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய குக்கீஸ் என்று ஒரு அலமாரியே நிற்கிறது. பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். மூலப்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம் இருக்கும், பின்பக்கம் முதல் பெயரே மைதாவாக இருக்கும். சாமை, வரகு வாங்கும்போதும் அரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று தீட்டியதை நான் எடுப்பதில்லை. தவிடு போன பிறகு அதில் பெரிதாக என்ன இருக்கிறது?

கேழ்வரகில் அந்தத் தொல்லை குறைவு, அதைத் தோலோடுதான் அரைப்பார்கள். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவுதான். மாவை ராத்திரியே தண்ணீரில் கரைத்து வைத்தால் காலையில் இலேசாகப் புளித்திருக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டி இறக்கி, ஆறியதும் மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். கம்பு மாவாக இருந்தால் கொஞ்சமாக அரைத்து வாங்குங்கள், அதில் எண்ணெய்ப்பசை அதிகம் என்பதால் சில நாளிலேயே கசந்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் எந்தத் தானியமும் வேகமாகவே சர்க்கரையை ஏற்றும். சிறுதானியம்தானே என்று சொம்பு சொம்பாகக் குடிப்பதற்கில்லை.

வெள்ளைச் சோற்றை நாங்கள் விடவில்லை, விடப்போவதும் இல்லை. தட்டில் அதன் இடத்தைச் சுருக்கிக் காய்க்கும் பயறுக்கும் கொடுத்திருக்கிறோம், அவ்வளவே.

சாயங்கால நொறுக்குத் தீனிக்கு நான் சமைப்பதே இல்லை என்று சொல்லலாம். தோலோடு அவித்த வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தை மாதம் என்றால் பனங்கிழங்கு, கிடைக்கிற பழம். எள்ளுருண்டையை விடுமுறை நாளில் பிடித்து வைப்போம். எள்ளை வெடிக்கிறவரை வறுத்து, வெல்லத்தோடு இடித்து உருட்டினால் தீர்ந்தது, பாகு பதம் எதுவும் பார்க்க வேண்டாம்.

ராஜ்மா வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்கவைத்தே தீர வேண்டும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதில் இருக்கிற லெக்டின் என்ற நச்சுப்பொருள் நல்ல கொதியில்தான் அழியும்.

ஊறப்போட மறந்த நாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பாசிப்பருப்பு இருக்கிறதே. ஊறவே வேண்டாம். சுரைக்காயோ புடலங்காயோ நறுக்கிப் போட்டு, மஞ்சள்தூளோடு இரண்டு விசில். தேங்காய், சீரகம், ஒரு பச்சைமிளகாய் அரைத்துவிட்டு ஒரு கொதி. கூட்டு தயாராகும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் சோறு வெந்துவிடும். பயறுதான் வேண்டும் என்றால் கொள்ளை வறுத்து, மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி வைத்துத் துவையலாக அரைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஊறல் தேவையில்லை.