பதில்: நீர்த்திரிகையில் மாவு சூடாவதும் மணல் கடிப்பதும்

குலசேகரம் பக்கம் தோட்டத்து ஓடையில் உத்தராகண்ட் 'கராட்' மாதிரி நீர்த்திரிகை வச்சிருக்கீங்கன்னு படிச்சு ரொம்பச் சந்தோஷம் அண்ணே. கேப்பை மாவு சூடா, கொரகொரன்னு, மணலோட வருதுன்னு கேட்டிருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சு கல்லு மழுங்கியிருக்கு.

கராட்டில் கீழ்க்கல் அசையாது, மேல்கல்தான் சுத்தும். கூர் போன கல்லை எவ்வளவு நெருக்கினாலும் தானியம் அறுபடாது, நசுங்கிச் சூடாகும். மேல்கல்லைப் புரட்டிப் போட்டு, நேரான பலகையில் காவி தடவி ரெண்டு கல் மேலயும் இழுத்துப் பாருங்க. காவி ஒட்டுற மேட்டை முதலில் கொத்தணும். அப்புறம் கல்லில் வெட்டுற பள்ள வரிகள்: கண்ணுப் பக்கம் (தானியம் விழுற நடு ஓட்டை) ஆழம், விளிம்புக்குப் போகப்போக ஆழம் குறையணும். அம்மி கொத்துற மாதிரி புள்ளி மட்டும் போட்டா இதுக்குப் பத்தாது. மயிலாடியில் கல்வேலை செய்றவங்ககிட்ட காட்டிக் கேளுங்க. கொத்தும்போது மூக்கைக் கட்டிக்கோங்க, கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கொத்தினதும் முதல்ல கொஞ்சம் தவிடு அரைச்சுக் கொட்டிடுங்க, மாட்டுக்கும் வேண்டாம். தானியம் தீருமுன்னே தண்ணீரைச் சக்கரத்தில் விழாம வேற பக்கம் திருப்பி விட்டுடணும். கல்லோட கல் உரசினா மணல் வரத்தான் செய்யும்.

வேகம் பத்தலைன்னீங்க. நொடிக்கு 20 லிட்டர் தண்ணீர் 3 மீட்டர் விழுந்தா மொத்தமே 590 வாட் அளவுதான். மரச்சக்கரம் அதில் ஒரு பங்குதான் பிடிக்கும். ரப்பர் இலை உதிர்ற மாசங்களில் வாய்க்கால் முகப்பில் கம்பிவலை வச்சு, தினமும் சருகை அள்ளிடுங்க.