யுகிகோ ஏன் வாயைத் திறப்பதே இல்லை?

போன மாதம் ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சிரோ தனிசாகியின் 'மகியோகா சகோதரிகள்' நாவலைப் படிக்கச் சொல்லியிருந்தேன். ஒசாகாவில் நொடித்துப்போன பழைய வணிகக் குடும்பம், நான்கு அக்கா தங்கைகள், மூன்றாமவள் யுகிகோவுக்கு வரன் தேடுவது, இதுதான் கதை. மும்பை முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றுக்குத்தான் இங்கே இடம்.

கே: படித்து முடிப்பதற்குள் பொறுமை போய்விட்டது. வரன் வருகிறது, போகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. யுகிகோ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? (செம்பூர் வாசகி)

ப: மாட்டுங்காவில் ஜாதகம் பதிய வரும் குடும்பங்களோடு நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். "எங்க பொண்ணு அதிகம் பேச மாட்டா, நாங்க சொன்னா சரின்னுடுவா" என்று அம்மா பெருமையாகச் சொல்வார். பக்கத்தில் அந்தப் பெண் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பாள். அந்த விரல்களைப் பார்த்தவர்களுக்கு யுகிகோ புரிவாள்.

ஹஷிதெரா என்ற வரன் போன் செய்து, வெளியே போய் வரலாமா என்று கேட்கும் இடத்தை இன்னொரு தடவை படியுங்கள். நல்ல மனிதர்தான். கூச்சத்தில் இவளுக்குப் பேச்சே வரவில்லை. அவர் அவமானப்பட்டு விலகிவிடுகிறார். ஆனால் பெரிய அக்காவின் கணவர் மும்முரமாகக் கொண்டுவந்த ஒரு சம்பந்தத்தை, எல்லாம் கூடிவரும் நேரத்தில், வேண்டாம் என்றவளும் இவள்தான். வாயில்லாப் பூச்சி என்று அவளை ஒதுக்காதீர்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். 1943-ல் 'சுவோ கோரோன்' பத்திரிகையில் இது தொடராக ஆரம்பித்தபோது ராணுவம் தலையிட்டு நிறுத்திவிட்டது. நாடே போரில் இருக்கும்போது கிமோனோவும் கல்யாணப் பேச்சும் செர்ரிப்பூ பார்க்கப் போவதும் எதற்கு என்ற கோபம். தனிசாகி விடவில்லை. முதல் பாகத்தை 1944-ல் சொந்தமாக அச்சடித்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். நாவல் முடிய 1948 ஆனது. வீட்டு விஷயம் அற்பமானது என்றால் ராணுவத்துக்கு அதில் என்ன எரிச்சல்?

கே: கல்யாணத்துக்கு ரயிலில் போகிறவளுக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு நாவலை முடிக்கலாமா? (டோம்பிவிலி வாசகர்)

ப: தாராளமாக. மனசு சொல்லாததை அவள் உடம்பு சொல்லிவிட்டது.

கே: 2005 ஜூலை 26 அன்று குர்லாவில் இடுப்பளவுத் தண்ணீரில், முன்பின் தெரியாத ஒரு டெம்போ டிரைவர் என் கையைப் பிடித்துக் கரை சேர்த்தார். வெள்ளம் வரும் அத்தியாயத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. (சயான் வாசகி)

ப: எனக்கும் மனதை விட்டுப் போகாத பகுதி அதுதான். 1938 ஜூலையில் கோபே பக்கம் நிஜமாகவே வந்த வெள்ளம் அது. ரொக்கோ மலையிலிருந்து மண்ணும் பாறையுமாக உருட்டிக்கொண்டு வந்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியதைக் கண்ட நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம்.

கடைசித் தங்கை தாயெகோ தையல் பள்ளியில் மாட்டிக்கொள்கிறாள். அவள் பல வருடமாக விரும்பும் பணக்கார வீட்டுப் பிள்ளை ஒகுபதா, உடுப்பு கசங்காமல் அவள் வீட்டில் வந்து நிற்கிறான். தண்ணீரில் இறங்கி அவளை மீட்பவன் இடாகுரா, ஒரு போட்டோகிராபர். ஒரு காலத்தில் ஒகுபதாவின் குடும்பக் கடையிலேயே எடுபிடியாக இருந்தவன். தாயெகோவின் மனசு அவன் பக்கம் சாய்வதில் என்ன ஆச்சரியம்? ஆனால் வீட்டில் யாருக்கும் அது பொறுக்கவில்லை. பிறகு காது ஆபரேஷனில் விஷம் ஏறி அவன் செத்துப்போகிறான். அப்போது இரண்டாவது அக்கா சச்சிகோவின் மனதோரத்தில், அப்பாடா, அந்தச் சம்பந்தம் இனி இல்லை என்று ஒரு நிம்மதி எட்டிப்பார்க்கிறது. எவ்வளவு அன்பான பெண் அவள்! அந்த வரியில் எனக்குப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது.

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைக் கரை சேர்த்த அந்த டிரைவரின் மகன் பெண் கேட்டு வந்தால், உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?