அமெரிக்கக் கல்லூரி கால்பந்து மைதானங்களில் மது விற்கலாமா?

விற்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்குப் பல்கலைக்கழகங்கள் சொல்லும் காரணத்தை நான் முழுசாக நம்புவதில்லை. "உள்ளேயே பீர் கிடைத்தால் கலாட்டா குறையும்" என்கிறார்கள். சில இடங்களில் குறைந்தது உண்மை. அந்தப் பெருமையில் பெரிய பங்கு பீருக்கு இல்லை, வாசல் கதவுக்கு.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் நிலவரம். இங்கே கால்பந்து என்றால் ஹெல்மெட் போட்டு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி ஆட்டம் என்றதும் நம்மூர் இன்டர்-காலேஜ் போட்டியைக் கற்பனை செய்ய வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். பென் ஸ்டேட், ஓஹையோ ஸ்டேட் மைதானங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேல். சனிக்கிழமை மதியம் ஆட்டம் என்றால் காலையிலேயே பார்க்கிங் நிரம்பிவிடும். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, ஐஸ் பெட்டியில் பீரை அடுக்கிக் கூத்தடிப்பார்கள். இதற்கு டெயில்கேட் என்று பெயர். மைதானத்துக்குள் ஒரு சொட்டு கூட விற்காத காலத்திலும் இது நடந்தது, இப்போதும் நடக்கிறது. உள்ளே கிடைக்காது என்று தெரிந்தவன் வெளியிலேயே மூன்று மணி நேரத்துக்கானதைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவான். மிச்சத்தைப் பூட்ஸுக்குள் செருகிக்கொள்வான்.

"விற்கலாம்" என்பவர்கள் எல்லோரும் காட்டும் உதாரணம் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம். 2011ல் ஆலிவர் லக் அங்கே விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தபோது மைதானம் முழுக்க பீர் விற்க ஆரம்பித்தார்கள். போலீஸுக்குப் போகும் சம்பவங்கள் குறைந்தன. சரி, ஆனால் அதே சமயம் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அதுவரை இடைவேளையில் வெளியே போய் வண்டியருகே குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். வெளியே போனால் போனதுதான், திரும்ப விடமாட்டார்கள். இருபது நிமிஷத்தில் நாலு பெக் விஸ்கியைக் கவிழ்த்துவிட்டு வந்தவன், இனி பத்து டாலருக்கு மேல் கொடுத்து, வரிசையில் நின்று, ஒரு பீர் வாங்க வேண்டும். குறையாமல் என்ன செய்யும்?

கொலராடோவின் கதை நேர் எதிர். போல்டர் ஊரில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மைதானமான ஃபோல்சம் ஃபீல்டில் முன்பு பீர் விற்றார்கள், 1996ல் தடை போட்டார்கள். அதற்குப் பிறகு கைதுகள், அடிதடி, வெளியேற்றப்பட்டவர்கள் எல்லாமே குறைந்ததாக ஆய்வுக் கட்டுரையே வந்தது. ஓர் இடத்தில் விற்றதும் குறைந்தது, இன்னோர் இடத்தில் நிறுத்தியதும் குறைந்தது. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. சாராய வகையோ பீரோ, ஒருவன் வயிற்றுக்குள் மொத்தம் எவ்வளவு, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் விஷயம். எங்கே விற்கிறோம் என்பது அதற்கு அடுத்ததுதான்.

இன்னோர் ஆய்வும் இதையே காட்டுகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழில்முறை பேஸ்பால், கால்பந்து ஆட்டங்கள் முடிந்து வெளியே வந்த 362 பேரை ஊதச் சொல்லிப் பார்த்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 8 சதவீதம் பேர் வண்டி ஓட்டுவதற்கான ரத்த ஆல்கஹால் வரம்பான 0.08 சதவீதத்தைத் தாண்டியிருந்தார்கள். டெயில்கேட்டில் குடித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த வரம்பைத் தாண்டும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 14 மடங்கு. அந்த மைதானங்களில் உள்ளேயும் பீர் விற்றார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மைதானத்தில் பீர் விற்கும் கவுன்ட்டருக்குப் பின்னால் நானும் நின்றிருக்கிறேன். இங்கே பல மைதானங்களில் உணவுக் கவுன்ட்டர்களைச் சர்ச், பள்ளி பேண்டு, கோவில் மாதிரி அமைப்புகளின் தன்னார்வலர்களிடம் விடுவார்கள். விற்பனையில் ஒரு பங்கு அமைப்புக்குக் கிடைக்கும். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கு நிதி சேர்க்க அப்படிப் போனோம். மது விற்பதற்குத் தனியாகப் பயிற்சி வகுப்பு உண்டு. கேனைத் திறந்துதான் கொடுக்க வேண்டும். மூடிய கேன் பதுக்கவும் உதவும், எறியவும் உதவும். ஒருவருக்கு ஒரு தடவைக்கு இரண்டுதான். எத்தனை வயசானவராக இருந்தாலும் ஐடி பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் 21 வயசுக்குக் கீழே உள்ளவர்களின் லைசென்ஸ் நெட்டுக்குத்தாக அச்சாகியிருக்கும், அதனால் தூரத்திலேயே தெரிந்துவிடும். மகள் வீட்டுக்கு வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்து, "தம்பி, எனக்குப் பேரனே இருக்கான், என்கிட்ட வயசு கேக்கறீங்களா?" என்றார். "ரூல் அப்படிங்க சார்" என்று ஒரு லெமனேட் கொடுத்து அனுப்பினேன். அவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே!

பேரன் வைத்திருப்பவரை மடக்குவது சுலபம். மாணவர் பகுதிதான் தலைவலி. 1984 சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்கக் குடிக்கும் வயசு 21 ஆகிவிட்டது. இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் 18லிருந்து 20க்குள். ஆக, கல்லூரி ஆட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் சட்டப்படி வாங்க முடியாது. 22 வயசுக்காரன் இரண்டு வாங்கிப் போவான், ஒன்று பக்கத்தில் இருக்கும் ஜூனியர் கைக்குப் போகும். கவுன்ட்டரில் நிற்பவரால் இதைத் தடுக்க முடியாது. இருக்கைப் பகுதியில் ஆள் வேண்டும். அந்தச் செலவைச் செய்யாமல் "கண்டிப்பான வயதுச் சோதனை" என்று போர்டு மாட்டுவது கண்துடைப்பு.

தெற்கு மாநிலங்களின் பெரிய கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பான எஸ்.இ.சி. 2019ல்தான் பொது இருக்கைகளுக்கான தடையை எடுத்து, முடிவை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் விட்டது. பீர், வைன் வரைக்கும்தான். இருக்கை இருக்கையாகப் போய் விற்கக் கூடாது. மூன்றாவது குவார்ட்டர் முடிந்ததும் கடை அடைப்பு (ஆட்டத்தின் கால் பகுதியைச் சொல்கிறேன், நம்மூர்க் குவார்ட்டர் இல்லை). ஜார்ஜியா 2024 வரை காத்திருந்தது. மிச்சிகனில் 2023ல் மாநிலச் சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது. மதுவை ஏற்காத மார்மன் சபை நடத்தும் பி.ஒய்.யூ. பல்கலைக்கழகம் விற்பதே இல்லை, அங்கேயும் ஆட்டம் நடக்கிறது.

எஸ்.இ.சி.யின் பழைய தடையில் எனக்குப் பிடிக்காதது ஒன்று. பொது ஜனத்துக்குத்தான் தடை. மேலே கண்ணாடி அறையில் பெரிய நன்கொடையாளர்கள் தாராளமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாணவர் நலன் பற்றிய கவலை லிஃப்ட் ஏறி மேல்மாடிக்குப் போகவில்லை போலிருக்கிறது. "விற்கலாம்" பக்கம் நான் நிற்பதற்கு இந்தப் பாரபட்சமும் ஒரு காரணம்.

அப்புறம் பணம். ஓஹையோ ஸ்டேட் 2016ல் மைதானம் முழுக்க விற்க ஆரம்பித்தபோது முதல் சீசனிலேயே பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்தது. இப்போது தேவை இன்னும் கூடிவிட்டது. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025ல் முடிந்த சமரசப்படி ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு 2025-26ல் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். அந்தப் பணத்துக்கு விளையாட்டுத் துறை எங்கே போகும்? பீர் வருமானத்துக்கு இலக்கு வைக்க ஆரம்பித்தால், மூன்றாவது குவார்ட்டர் விதிதான் முதலில் தளரும். என்னைக் கேட்டால் அந்த வருமானத்தை விளையாட்டுத் துறையின் கையில் கொடுக்கவே கூடாது. மைதானப் பாதுகாப்புக்கும், ஆட்டம் முடிந்ததும் ஓடும் இலவசப் பேருந்துகளுக்கும், மாணவர்களுக்கான குடிப்பழக்க ஆலோசனைக்கும் நேராகப் போக வேண்டும். விற்பனையை இடைவேளை முடிந்ததுமே நிறுத்தலாம். வெளியே போனவரைத் திரும்ப உள்ளே விடக் கூடாது. இந்த இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாத பல்கலைக்கழகம் பாதுகாப்பு பற்றிப் பேசினால் நம்பாதீர்கள்.

கடைசியாக, எம்.எஸ். படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. உங்களுக்கு 22, 23 இருக்கும், சட்டப்படி வாங்கலாம். ஆனால் "ப்ரோ, எனக்கும் ஒண்ணு" என்று கேட்கும் இளநிலைப் பையனுக்கு வாங்கிக் கொடுப்பது குற்றம், விளையாட்டில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. ஆட்டம் முடிந்த இரவு மைதானத்தைச் சுற்றி எல்லாத் தெருமுனையிலும் போலீஸ் வண்டி நிற்கும். பஸ்ஸில் போங்கள்.